எறும்பு மொய்த்த அபின்

ஒபடையா டிரிங் செத்த விதத்தில் ஒரு மர்மமும் இல்லை. இன்ஸ்பெக்டர் எஸ்ரா கேதர்கோலுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை சந்தைக்கு வந்த கிழவர், மருந்துக்கடை ஃபியரியிடம் தன் கையால் அபின் உருண்டை வாங்கினார். விடுதியில் உட்கார்ந்து பீர் கேட்டார். இருபது வருஷமாக வழக்கமாகப் போடும் அளவை எண்ணி எடுத்து, பல்லில் படாமல் பீரோடு உள்ளே அனுப்பினார். கோதுமை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே மேசையில் தலையைச் சாய்த்தார். தூங்குகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். விடுதிக்காரன் கடையை அடைக்க வந்து தோளைத் தொட்டபோது கிழவர் சில்லிட்டுப் போயிருந்தார்.

ஆட்டர்மியர் ஊர் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதே ஆள், அதே அளவு. அப்படியென்றால் உருண்டையில்தான் கோளாறு. ஃபியரி வீரியமாக உருட்டிவிட்டான்.

நேதானியேல் ஃபியரி காவல் கொட்டடியில் இருந்தான். இன்று சாயங்காலம் மரண விசாரணை ஜூரி கூடித் தீர்ப்புச் சொன்னதும் அவனை வண்டியிலேற்றி கேம்பிரிட்ஜ் சிறைக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து தூக்குமேடை அதிக தூரமில்லை.

அவன் கான்ஸ்டபிள் ஜாப் செட்செலுக்கு அக்கா புருஷன்.

விடிந்தும் விடியாத பனியில் இருவரும் படகில் போய்க்கொண்டிருந்தார்கள். சதுப்பைக் கிழித்து வெட்டிய வாய்க்கால், இரண்டு பக்கமும் கறுத்த மண். செட்செல் கழியை ஊன்றித் தள்ளினான். கேதர்கோல் கோட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். சிரித்தால் யாருக்கோ கெட்ட செய்தி என்று ஸ்டேஷனில் சொல்வார்கள்.

"சார், நானே சாட்சி சொல்றேன்" என்றான் செட்செல். "அதே சனிக்கிழமை, அதே சீசா, அதே உருண்டை. நான் போட்டேன். இதோ உங்களைத் தள்ளிக்கிட்டுப் போறேன். செத்தவன் படகு தள்ளுவானா?"

"நீ தள்ளுற வேகத்தைப் பார்த்தா சந்தேகமாத்தான் இருக்கு."

"எங்க அக்கா ராத்திரியெல்லாம் அழுவுறா சார்."

"ஃபியரியோட மச்சான் வந்து ஃபியரி நல்லவன்னு சொன்னா ஜூரி சிரிப்பாங்க. வேற ஏதாவது சொல்லு. டிரிங் சம்சாரம் எப்படி?"

"கெசையாவா? பிரார்த்தனைக்கூடத்து ஆளு. இந்தச் சதுப்புல அபினை நாக்குல வைக்காத ஒரே பொம்பளை. போதகர் உதாரணமே அவளைத்தான் சொல்வாரு. என்ன, புருஷன் ராசிதான் இல்ல. இது ரெண்டாவது."

"முதல் ஆள்?"

"லெமுவேல். அடுத்தவன் கூடையில விழுந்த விலாங்கையெல்லாம் தன்னோட உறவுக்காரன் மாதிரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். நான்தான் பிடிச்சு உள்ளே தள்ளினேன். தண்டனை முடிஞ்சு வெளியே வந்த அன்னிக்கே போய்ச் சேர்ந்தான்."

"எதனால?"

"சந்தோஷத்தால சார்."

கேதர்கோல் நிமிர்ந்தார்.

"ஊர்ல அப்படித்தான் சொன்னாங்க. வந்தான், பீர் குடிச்சான், பழையபடி உருண்டையைப் போட்டான், படுத்தான். காலையில எழுந்திருக்கல. விடுதலையான சந்தோஷத்தை இருதயம் தாங்கலையாம். சம்சாரத்தைத் திரும்பப் பார்த்த அதிர்ச்சியா இருக்கும்னு நான் சொன்னேன். யாரும் ஒத்துக்கல."

 கேதர்கோல் சிரித்தார். செட்செல் கழி ஊன்றுவதை நிறுத்தினான்.

டிரிங்கின் வீடு வாய்க்கால் கரையிலேயே தாழ்வாக உட்கார்ந்திருந்தது. கெசையா கதவைத் திறந்தாள். முப்பதைத் தாண்டியவள். கறுப்பு உடை, இறுக்கிக் கட்டிய தலைத்துணி, அலட்டல் இல்லாத முகம். கணவனின் உடல் விடுதிக் கொட்டகையில் கிடக்க, இவள் அடுப்படியைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள்.

"வாங்க சார். ஃபியரியை அனுப்பியாச்சா?"

"சாயங்காலம்மா. அதுக்கு முன்னாடி சும்மா ஒரு பார்வை."

கேதர்கோல் அடுப்போரம் இருந்த நீளமான மரப்பெஞ்சில் உட்கார்ந்தார். மேல்பலகையைத் தூக்கினால் உள்ளே சாமான் வைக்கக்கூடிய பழைய பெஞ்சு. கெசையா டீக் கெட்டிலை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அது ஆடும் சார். அந்த நாற்காலியில உட்காருங்க. மெத்தை போட்டது."

"பரவாயில்லம்மா."

டீ வந்தது. "சார், அங்க புகை வரும். நாற்காலிக்கு வந்துடுங்க."

"எனக்குப் புகை பழக்கம்தான்."

கோழிக்குத் தீனி போடக் கிளம்பியவள் வாசலில் நின்று திரும்பினாள். "நாற்காலிதான் சார் வசதி."

அவள் போனதும் கேதர்கோல் தாழ்ந்த குரலில் கேட்டார். "அது யாரோட நாற்காலி?"

"டிரிங்கோடது சார்." செட்செலின் புருவம் நெளிந்தது. "அதான் எனக்கும் புரியல. எங்க பக்கத்துல செத்தவனைப் புதைக்கிறதுக்கு முன்னாடி அவன் நாற்காலியில ஒரு பூனையைக்கூட உட்கார விடமாட்டாங்க. உங்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறாளே. உங்களைப் பிடிச்சுப் போச்சோ என்னவோ."

"என்னை யாருக்கும் பிடிக்காது. நான் இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கணும்னு பிடிவாதமா இருக்கா. அதனால எழுந்திருக்கப் போறதில்ல. நீ சுவரைப் பாரு."

செட்செல் பார்த்தான். ஜன்னலோரச் சுவரில் எறும்புச் சாரி ஒன்று கோடு கிழித்தாற்போல் மேலே ஏறியது.

"நமக்கு முன்னாடியே விசாரணைக்கு வந்துட்டாங்க சார். வரிசையா, பேசாம. போலீஸுக்கு எடுத்தா நல்லா வருவாங்க."

"எங்க போறாங்க?"

உத்தரத்தில் ஒரு பழைய விலாங்குக் கூடை தொங்கியது. பின்னலெல்லாம் இற்றுப்போன, யாரும் தொடாத கூடை. செட்செல் முக்காலி போட்டு ஏறி உள்ளே கைவிட்டான். தகர டப்பா ஒன்று அகப்பட்டது. மூடியில் டிரிங் தன் கத்தியால் கீறிய முதலெழுத்துகள். திறந்தால், ஃபியரி கடையில் விற்கும் அதே மாதிரி வெள்ளை மாவு பூசிய உருண்டைகள். அதன்மேல் எறும்புகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி மொய்த்திருந்தன.

"கிழவன் ஒளிச்சு வைக்கிற இடம் சார். வேலையாள் திருடுறான்னு புலம்பிக்கிட்டே இருப்பாரு."

"ஒண்ணை வாயில போடு."

"டூட்டியிலயா சார்?"

"போடு."

செட்செல் எறும்பை ஊதிவிட்டு ஓர் உருண்டையைக் கடித்தான். அபின் நாக்கில் பட்டால் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி முகம் கோணும். அவன் முகம் கோணவில்லை. 

"சார். இது இனிக்குது."

"கோதுமை மாவு, சர்க்கரைப்பாகு. அபினை எறும்பு சீண்டாது. எறும்புக்கு இருக்கிற புத்தி..." என்று தொடங்கியவர் செட்செலின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போன மாசம் டிரிங்குக்கு உடம்பு சரியில்லைன்னு ஊர்ல சொன்னாங்களே. என்ன உடம்பு?"

"முறைக்காய்ச்சல் சார். சதுப்புல எல்லாருக்கும் வர்றதுதான். நடுங்கிக்கிட்டுக் கிடந்தாரு. நானே பார்த்தேன்."

"முறைக்காய்ச்சல் எப்படி வரும்?"

"ஒருநாள் விட்டு ஒருநாள். நம்ம சம்பளத்தைவிட ஒழுங்கா வரும்."

"டிரிங்குக்கு?"

செட்செல் யோசித்தான். "தினமும் வந்துது. நடுக்கம், மூக்கு ஒழுகல், வயித்துவலி. கொட்டாவி. விடாம கொட்டாவி."

"கொட்டாவி விடற காய்ச்சலை எங்கயாவது பார்த்திருக்கியா?"

செட்செல் பார்த்திருக்கிறான். கடைக்குப் போக முடியாத நாட்களில், சாயங்கால உருண்டை தவறிப்போகும் நாட்களில், அவனுக்கே வரும் அந்தக் கொட்டாவி. தூக்கம் வராத கொட்டாவி.

கேதர்கோல் டப்பாவை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டே வேகமாகச் சொன்னார். "கிழவனுக்குக் காய்ச்சலே இல்ல. அபின் இல்லாத நடுக்கம் அது. கடைக்குப் போய் உருண்டை வாங்கி வந்தது இவ. கிழவன் கைக்கு வந்தது மாவு. கிழவன் அதை அபின்னு நம்பி இந்த டப்பாவுல ஒளிச்சு வச்சு, எண்ணி எண்ணி முழுங்கியிருக்கான். நடுக்கம் தானா அடங்கிச்சு. உடம்பு அபினை மறந்துடுச்சு. ஆனா கிழவனுக்கு அது தெரியாது. தேறிட்டோம்னு கிளம்பிப் போய்ப் பழைய அளவை நிஜ உருண்டையில போட்டான். புது ஆளுக்கு அது யானைத் தீனி."

"அப்போ லெமுவேல்..."

"ஜெயில்ல அபின் குடுப்பாங்களா? லெமுவேலுக்கு ஜெயில் செஞ்சதை டிரிங்குக்கு இவ வீட்லயே செஞ்சா. ஊருக்கு அது சந்தோஷம். இவளுக்கு அது பாடம்."

செட்செல் முக்காலியைவிட்டு இறங்கினான். "இதை ஜூரிகிட்ட சொன்னாப் போதுமே சார். அத்தான் தப்பிச்சாரு."

"ஜூரி மொத்தமும் அபின் தின்னி. தினமும் போடுற அதே அளவு ஒருநாள் ஆளைக் கொல்லும்னு சொல்லு, உன்னையும் என்னையும் சேர்த்து வாய்க்கால்ல தள்ளுவாங்க. அவ வாயால வரணும்."

"அவ எதுக்கு சார் சொல்லப் போறா?"

"கடையில வாங்கின நிஜ உருண்டையெல்லாம் எங்க போச்சு?"

"தூக்கிப் போட்டிருப்பா."

"சதுப்புல பொறந்தவ நல்ல அபினைத் தூக்கிப் போடுவாளா?"

செட்செல் தலையாட்டினான். வீட்டுக் கூரையைக்கூடப் பிரித்துப் போடுவாள். அதைப் போடமாட்டாள்.

"அவ கண்ணைப் பார்த்தியா? இந்த அடுப்படி இருட்டுல பூனைக்கே கண்மணி விரியும். அவளுக்குக் குண்டூசி முனை, அபின் போட்ட கண்ணு. கிழவனை ஏமாத்த எடுத்தவ, மிச்சத்தை ருசி பார்த்திருக்கா. இப்போ கிழவன் அளவு அவ அளவு." கேதர்கோல் தன் கீழிருந்த பெஞ்சைத் தட்டினார். "நான் அதுமேல உட்கார்ந்திருக்கேன். நீ போய் ஜூரித் தலைவர் ஏப்லெட்டைப் பின்பக்கமா கூட்டிட்டு வந்து சமையல் உள்ளறையில உட்கார வை. தும்மினாக்கூடக் கழுத்தை நெரிச்சிடுவேன்னு சொல்லு."

செட்செல் பனி விலகியதும் போனான். திரும்பியபோது பொழுது உச்சியைத் தாண்டியிருந்தது. பார்னபஸ் ஏப்லெட்டை உள்ளறையில் இருத்தி, கதவை விரற்கடை திறந்துவைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தான்.

கேதர்கோல் அசையவே இல்லை. மடியில் காகிதப் பொட்டலம் ஒன்றை வைத்து ஏதோ நோண்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை டிரிங் வாங்கிய உருண்டைகளில் மிச்சமிருந்தவை, ஃபியரியின் கடை முத்திரையோடு. சாட்சிப் பொருள். கெசையா எதிரே தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடத்தையே.

"நீங்க சாப்பிடப் போகலையா சார்?"

"பசி இல்லம்மா."

"மழை வரும்போல இருக்கு. படகுல போறது..."

"மழை நின்னதும் போறோம்."

மழை வரவே இல்லை. பொழுது மெல்லச் சாய்ந்தது. முதலில் கொட்டாவி வந்தது. கையால் மறைத்தாள். அடுத்தது மறைக்கும் முன் வந்தது. மூக்கைத் துடைத்தாள். அடுப்பு கனன்றுகொண்டிருந்தது, அவள் முழங்கையில் மயிர்க்கால்கள் சிலிர்த்து நின்றன. கண்மணிகள் இப்போது விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது.

"முறைக்காய்ச்சலாம்மா?" என்றார் கேதர்கோல் அன்பாக.

"ஆமா சார். கொஞ்சம் எழுந்திருச்சீங்கன்னா... பெஞ்சுல போர்வை இருக்கு."

"நான் எடுத்துத் தர்றேன். என்ன நிறம் சொல்லுங்க."

அவள் வாய் திறந்து மூடியது. கேதர்கோல் பொட்டலத்தைப் பிரித்து முழங்கால்மேல் வைத்தார். வெண்மையான உருண்டைகள். அவள் பார்வை அதன்மேல் விழுந்தது, எழவில்லை.

"உங்க புருஷன் வாங்கினது. அவருக்கு இனி வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்க, ஒண்ணு தர்றேன்."

"நான் அதெல்லாம் தொடமாட்டேன்னு ஊருக்கே தெரியும்."

"சரிம்மா."

பொட்டலத்தை மடித்தார். அந்தக் காகிதம் மடியும் சத்தத்துக்கு அவள் உடம்பு துள்ளியது. செட்செல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காலையிலிருந்து அவனிடம் இருந்த ஜோக்கெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கேதர்கோல் மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் தரையில் மடங்கும் வரை அதே வேலையைப் பொறுமையாகச் செய்தார்.

"குடுத்தா கொலை" என்றாள் கெசையா கடைசியில். குரல் உடைந்திருந்தாலும் வார்த்தை உடையவில்லை. "நான் எதையும் குடுக்கல சார். மாவு உருட்டிக் குடுத்தேன். அவ்வளவுதான். வித்தது ஃபியரி. முழுங்கினது கிழவன். என்னை எதுக்குத் தூக்குல போடுவீங்க?"

"லெமுவேல் செத்தது எதனாலன்னு தெரிஞ்சுதான் செஞ்சீங்க."

"தெரிஞ்சுதான். அவன் பக்கத்துல படுத்திருந்தது நான்தானே. ஊருக்கு என்ன தெரியும்?"

"நிலத்துக்காகவா?"

அவள் சிரித்தாள். இல்லை, கொட்டாவியா என்று செட்செலுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

"என் பொண்ணு ப்ரூடன்ஸை உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. பேசறதுக்கு முன்னாடியே போயிட்டா. பல்லு முளைக்கிற அழுகை. கிழவனுக்குத் தூக்கம் கெட்டுச்சு. என்னை அறுப்புக்கு வயலுக்கு அனுப்பிட்டு, ஃபியரி கடையில குழந்தை மருந்து வாங்கி ஊத்தினான். அது குலுக்கித் தரவேண்டிய மருந்து சார். அபின் அடியில தங்கிடும். அன்னிக்கு ஃபியரி ஜாடியோட அடியை வழிச்சு ஊத்திக் குடுத்திருக்கான், குலுக்கக்கூட இல்லை. நான் வந்து பார்க்கும்போது வீடு அமைதியா இருந்துச்சு. கிழவன் தூங்கிக்கிட்டு இருந்தான். அவளும்."

உள்ளறையில் ஒரு பலகை முனகி அடங்கியது.

"ஃபியரிகிட்ட போனேன். பல்லுக் காய்ச்சல்னான். கடையை மூடணும்னான். அவளுக்கு விசாரணை வைக்க யாரும் வரல. அறுப்பு நேரம் பாருங்க." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "கிழவன் சாகணும். அவன் ஃபியரி கடை அபின்ல சாகணும். அதுக்கு ஃபியரி தொங்கணும். அதான். சொல்லிட்டேன். குடுங்க."

செட்செலுக்கு அக்கா அழுதது நினைவுக்கு வந்தது. அக்காவின் பிள்ளைகள் எல்லோரும் அமைதியான பிள்ளைகள் என்று ஊரே மெச்சியதும் நினைவுக்கு வந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. ஜூரித் தலைவர் ஏப்லெட் தொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கெசையாவைப் பார்க்கவில்லை.

"கேட்டீங்களா?" என்றார் கேதர்கோல்.

"கேட்டேன். ஃபியரியை விட்டுடுவோம்." வாசல்வரை போனவர் நின்றார். "எங்க வீட்லயும் அதே ஜாடி மருந்துதான்" என்றார் கதவைப் பார்த்து. போய்விட்டார்.

கெசையாவுக்கு அவர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நடுங்கிக்கொண்டிருந்தது. தூக்குக்கயிறு எல்லாம் வேறு யாருடைய கழுத்துக்கோ என்பதுபோல் பொட்டலத்தையே பார்த்தாள்.

கேதர்கோல் வாக்குத் தவறாதவர். ஓர் உருண்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

மென்றால் சீக்கிரம் பிடிக்கும். அவள் அதைக் கடைவாயில் போட்டுக் கடித்தாள்.

தாடை நின்றது.

செட்செலுக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நேரம் மடியில் வைத்து நோண்டிக்கொண்டிருந்தது எதற்கென்று. கோட்டுப் பையில் எறும்பு மொய்த்த டப்பா, மடியில் ஃபியரியின் பொட்டலம். எது எங்கே இருந்து எங்கே போனதென்று.

கெசையா நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அந்தப் பெரிய கறுத்த கண்களில் கோபம்கூட இல்லை.

"உங்க கைப்பக்குவம்தாம்மா" என்றார் கேதர்கோல், பெஞ்சைவிட்டு முதல் தடவையாக எழுந்து, மேல்பலகையைத் தூக்கி, உள்ளே இருந்த நிஜ உருண்டை மூட்டையைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டே. "செட்செல், கையில விலங்கு மாட்டு. கேம்பிரிட்ஜ் வண்டி சும்மா போகக் கூடாது."

செட்செல் அவள் முன்னால் மண்டியிட்டான். அவள் துப்பவில்லை. அந்த இனிப்பை மெதுவாக, கடைசி வரை மென்றுகொண்டிருந்தாள். விலங்கை எடுக்கப் பைக்குள் விட்ட அவன் விரலில் வேறொன்று தட்டுப்பட்டது. அவனுடைய சாயங்கால உருண்டை. நிஜமானது. இன்ஸ்பெக்டரின் முதுகு இந்தப் பக்கம் இருந்தது. அவள் உள்ளங்கை இன்னும் திறந்தே இருந்தது.

சாயங்காலமாகிவிட்டிருந்தது. அவனுக்குக் கொட்டாவி வந்தது.

விலங்கை மட்டும் வெளியே எடுத்தான்.